முட்டிய மாட்டுக்கும் தண்டனை உண்டு, தெரியுமா?

உங்கள் மாடு அடுத்த வீட்டுக்காரர் மாட்டை முட்டிக் கொன்றுவிட்டது. என்ன செய்வது? உயிரோடிருக்கும் மாட்டை விற்றுப் பணத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரியுங்கள், செத்த மாட்டையும் பங்கு போடுங்கள் என்கிறது பைபிளின் யாத்திராகமம், 21-ஆம் அதிகாரம். இதே தீர்ப்பு பாக்தாத் அருகே மண்ணுக்குள் புதைந்து கிடந்தது தெரியுமா? 1940-களில் டெல் ஹர்மல் மேட்டைத் தோண்டியபோது கிடைத்த களிமண் பலகைகளில், எஷ்னுன்னா நகரத்தின் சட்டமாக! வயது ஏறக்குறைய 3,800 ஆண்டு. யாத்திராகமத்தின் எபிரேயச் சட்டத்துக்குப் பல நூற்றாண்டு மூத்தது.

சரி, மாடு மனிதனையே கொன்றால்? முட்டுகிற மாடு என்று தெரிந்தும் கட்டிவைக்காதவன் வெள்ளி கொடுத்தால் போதும் என்றான் பாபிலோன் மன்னன் ஹம்முராபி. மாட்டுக்கு ஒன்றும் இல்லை. எபிரேயச் சட்டத்திலோ அந்த மாட்டையே கல்லெறிந்து கொல்ல வேண்டும். அதன் இறைச்சியை வாயில் வைக்கக் கூடாது! ஏன் இந்த வேறுபாடு? மனித உயிர் கடவுளுக்கு உரியது, அதைப் பறித்தது விலங்கே ஆனாலும் குற்றவாளிதான் என்பதே இதன் அடிப்படை என்று 1960-ல் விளக்கினார் பைபிள் அறிஞர் மோஷே கிரீன்பர்க். ஒரு மாட்டுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய சிந்தனை!

இன்னொரு எபிரேயச் சட்டம்: ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே. இந்த ஒற்றை வரிச் சட்டம் பைபிளில் மூன்று இடங்களில் வருகிறது. மரபைப் பின்பற்றும் யூதர் வீடுகளில் இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம் இருப்பது இதனால்தான். காரணம் என்ன? அப்படிச் சமைப்பது சிலை வழிபாட்டுச் சடங்காக இருந்திருக்கலாம் என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே ஊகித்தார் யூத அறிஞர் மைமோனிடிஸ். 1930-களில் சிரியாவின் உகரித் நகரப் பலகை ஒன்றில் "குட்டியைப் பாலில் சமை" என்று படித்தார்கள். அடடா, மைமோனிடிஸ் சொன்னது சரிதான் என்று அறிஞர் உலகமே துள்ளியது! ஆனால் பலகை அந்த இடத்தில் உடைந்திருந்தது; சில எழுத்துகள் படித்தவர்களே நிரப்பியவை. தாய் என்ற சொல்லே அதில் இல்லை. பிற்பாடு பலகையை மறுபடி பார்த்தவர்கள் அந்த வாசிப்பைக் கைவிட்டார்கள். பிழையை இப்படித் தாங்களே திருத்திக்கொள்வதுதான் எனக்குப் பண்டைச் சட்ட ஆய்வுத் துறையில் மிகவும் பிடித்தது.

இந்தச் சட்டங்கள் எந்தக் காலத்தவை என்றும் தேடினார்கள். எருசலேம் ஆலயத்தில் யூதா நாட்டு மன்னன் யோசியா காலத்தில் கண்டெடுக்கப்பட்ட சட்டப் புத்தகம் பைபிளின் உபாகமத்தோடு தொடர்புடையது என்று வாதாடி, 1805-ல் ஆய்வையே திருப்பிப்போட்டவர் டி வெட்டே என்னும் ஜெர்மானியர். அப்போது அவருக்கு வயது 25!

ஆனால் என்னை உலுக்கியது புத்தகம் அல்ல, ஒரு உடைந்த பானை ஓடு. 1960-ல், மத்தியதரைக் கடலோரம் யாவ்னே-யாம் அருகே ஒரு பழைய கோட்டையில் கிடைத்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டு. மையால் எழுதிய மனு. மனு கொடுத்தவர் அதிகாரி இல்லை, அறுவடைத் தொழிலாளி. என் பங்கு அறுவடையை முடித்து அளந்து வைத்துவிட்டேன், அதற்கப்புறமும் ஒருவர் வந்து என் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் என்று கோட்டைத் தலைவரிடம் முறையிடுகிறார். அடகாக வாங்கிய ஏழையின் மேலாடையைப் பொழுது சாயும் முன் திருப்பிக் கொடு, இரவில் அவன் போர்த்திக்கொள்ள வேறு என்ன இருக்கிறது என்று கேட்கிறதே யாத்திராகமச் சட்டம், அது யாருக்காக என்று இந்த ஓட்டைப் பார்த்தால் புரியும். சட்டப் புத்தகம் எதையும் அவர் மேற்கோள் காட்டவில்லை. தன்னோடு வெயிலில் நின்று கதிர் அறுத்தவர்கள் எல்லாரும் தனக்குச் சாட்சி சொல்வார்கள் என்கிறார்.