கருப்பைவாய்ப் பரிசோதனையில் புதிய படக்கருவிகள்: எதைக் காட்டும், எதைக் காட்டாது?

மகளிர் நலப் பிரிவுக்கு வருவோரிடம், "கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்துகொண்டதுண்டா?" என்று நாங்கள் கேட்பது வழக்கம். "போன வருஷம் வயிற்று ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் நார்மல்" என்பதே நாங்கள் அடிக்கடி பெறும் விடை. இதில் ஓர் ஆபத்தான தவறெண்ணம் மறைந்திருக்கிறது. வயிற்று ஸ்கேன் கருப்பைக் கட்டியையும் சினைப்பை நீர்க்கட்டியையும் காட்ட வல்லது. ஆனால் புற்றுநோயாக மாறக்கூடிய தொடக்கநிலைச் செல் மாற்றங்கள், கருப்பைவாயின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள மெல்லிய படலத்தில் தோன்றுபவை. அவை அந்த ஸ்கேனில் தெரிவதில்லை. கருப்பைவாயைப் பரிசோதிக்கும் முறைகள் எவை, அண்மைக்காலப் படக்கருவிகள் அவற்றில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்துள்ளன என்பதை இங்கு விளக்குகிறோம்.

நோய் உருவாகும் விதம்

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ அனைத்தும் ஹெச்.பி.வி. எனப்படும் வைரசின் நீடித்த தொற்றால் உண்டாகிறது. இவ்வைரசின் 16, 18 ஆகிய இரு வகைகள் மட்டுமே சுமார் 70 விழுக்காட்டுப் புற்றுநோய்களுக்குக் காரணமாகின்றன. தொற்று ஏற்பட்ட பெண்களுள் பெரும்பாலோரின் உடல், ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானே அகற்றிவிடுகிறது. அகலாமல் தங்கிவிடும் சிலரிடத்தில் மட்டும் செல்கள் படிப்படியாக மாறுகின்றன. அம்மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இந்த நீண்ட இடைவெளியில் மாற்றத்தைக் கண்டறிந்து அகற்றிவிட்டால் புற்றுநோயே வராமல் தடுக்கலாம். அப்படியிருந்தும், உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 80,000 பேர் உயிரிழந்தனர்.

கண்ணால் காணும் முறை

கருப்பைவாயில் மூன்று முதல் ஐந்து விழுக்காடு அசெட்டிக் அமிலக் கரைசலைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுபட்ட செல்கள் உள்ள இடம் வெண்ணிறமாகத் தெரியும். நாம் சமையலில் பயன்படுத்தும் வினிகரில் உள்ள அதே அமிலம்தான் இது. இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். இதன் பயனுக்கு நம் மாநிலமே சான்றளித்துள்ளது. 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையிலான சுமார் 31,000 பெண்கள் இம்முறையில் பரிசோதிக்கப்பட்டனர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களைவிட இப்புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2007இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் கவனிக்கப்பட்டது.

எனினும் இம்முறைக்கு ஒரு குறை உண்டு. வெண்மை என்பது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. சாதாரண அழற்சியும் வெண்மையாகத் தோன்றலாம். சிறிய மாற்றம் கண்ணுக்குத் தப்பிவிடலாம். மேலும், பார்த்தது பார்த்தவரோடு நின்றுவிடுகிறது. இன்னொருவர் சரிபார்க்க எதுவும் எஞ்சுவதில்லை. புதிய படக்கருவிகள் இந்தக் குறையையே ஈடுசெய்ய முயல்கின்றன.

புதிய படக்கருவிகள்

முதலாவது, கையடக்க டிஜிட்டல் கால்போஸ்கோப். கால்போஸ்கோப் என்பது கருப்பைவாயை ஒளிபாய்ச்சிப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவி. 1925இல் ஜெர்மனியில் தோன்றிய இக்கருவி, பெரிய மருத்துவமனைகளிலேயே நெடுங்காலம் இருந்துவந்தது. இன்று கையில் எடுத்துச் செல்லத்தக்க வடிவங்கள் வந்துள்ளன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பாக்கெட் கால்போஸ்கோப் அவற்றுள் ஒன்று. கிராமத்து நிலையத்தில் எடுத்த படத்தைத் தொலைவிலுள்ள மருத்துவர் பார்த்துக் கருத்துரைக்கலாம். ஓராண்டு கழித்து எடுக்கும் படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிடலாம். விரும்பினால் நீங்களும் உங்கள் படத்தைத் திரையில் காணலாம்.

இரண்டாவது, கணினியின் துணையோடு படத்தை மதிப்பிடுதல். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கோஸ்டா ரிக்கா நாட்டில் 9,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் எடுக்கப்பட்டிருந்த பழைய படங்களைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றைப் பயிற்றுவித்தனர். முற்றிய செல் மாற்றங்களை அது மனிதக் கண்ணைவிடச் சிறப்பாக இனங்கண்டதென 2019இல் அறிவித்தனர். ஆனால் ஒருவகைக் கேமராவின் படங்களில் பயின்ற மென்பொருள், வேறுவகைக் கேமராவின் படங்களில் அதே திறனைக் காட்டுவதில்லை என்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே இதை மருத்துவருக்குத் துணையாக மட்டுமே நாங்கள் கருதுகிறோம்.

மூன்றாவது, திசுவை வெட்டாமலே செல்களைக் காணும் நுண்படக் கருவிகள். ரைஸ் பல்கலைக்கழகத்தில் உருவான நுண்ணோக்கிக் கருவியில், மெல்லிய ஒளியிழையின் நுனி கருப்பைவாயைத் தொட்டவுடன் செல்களின் உட்கருக்கள் திரையில் தெரிகின்றன. கண் மருத்துவமனைகளில் விழித்திரைக்கு எடுக்கும் ஓ.சி.டி. படமுறையும் கருப்பைவாய்க்கென ஆராயப்பட்டு வருகிறது. எங்கே திசு எடுக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்று தீர்மானிக்க இவை உதவக்கூடும். எனினும் இன்றும் நோயை உறுதிசெய்வது திசுப் பரிசோதனையே.

எம்.ஆர்.ஐ., பெட் சி.டி. ஆகியவை பற்றியும் பலர் கேட்கின்றனர். புற்றுநோய் உறுதியானபின், அது எவ்வளவு பரவியுள்ளது என்று அறிந்து சிகிச்சையைத் திட்டமிடவே அவை பயன்படுகின்றன. நோயற்ற பெண்ணுக்கு முன்னறி பரிசோதனையாக அவற்றைச் செய்வதில்லை.

படம் எந்த இடத்தில் வருகிறது?

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட நெறிமுறை, பொதுவாக 30 வயது முதல், ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையை முதற்படியாகப் பரிந்துரைக்கிறது. இதற்கான மாதிரியைப் பெண்கள் தாமே எடுத்தும் தரலாம். வைரஸ் இருக்கிறதென்றால் புற்றுநோய் இருக்கிறதென்று பொருளன்று. கருப்பைவாயைப் பார்க்க வேண்டும் என்பதே பொருள். படக்கருவிகளின் பணி இங்கேதான் தொடங்குகிறது. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் பெண்களுக்குப் பரிசோதனை 25 வயதிலேயே தொடங்கி, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற வேண்டும்.

மாதவிடாய் நின்றபின், மாற்றங்கள் தோன்றும் பகுதி கருப்பைவாயின் உட்குழாய்க்குள் சென்றுவிடுகிறது. எந்தக் கேமராவும் வெளியிலிருந்து அதை முழுமையாகக் காண இயலாது. அத்தகையோருக்கு ஹெச்.பி.வி. பரிசோதனையும் பாப் பரிசோதனையுமே ஏற்றவை.

பரிசோதனைக்கு வருமுன்

மாதவிடாய் நாள்களைத் தவிர்த்து வாருங்கள். முந்தைய இரண்டு நாள்கள் பிறப்புறுப்பில் மருந்து வைத்தலையும் உடலுறவையும் தவிருங்கள். கர்ப்பமாக இருந்தாலோ அயோடின் ஒவ்வாமை இருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். கரைசல் தடவும்போது லேசான எரிச்சல் தோன்றலாம். வலித்தால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. படம் எங்கே சேமிக்கப்படும், யார் காண்பர் என்று தயங்காமல் கேளுங்கள். அதற்கு விடையளிப்பது எங்கள் கடமை.

மாற்றம் கண்டறியப்பட்டால் அஞ்ச வேண்டாம். சிறிய மாற்றங்களைச் சூடேற்றியோ உறையவைத்தோ அழிக்கலாம். தேவையெனில் மின்கம்பி வளையத்தால் அகற்றலாம். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகின்றனர். கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்ற அச்சத்தாலேயே மறுபடி வராமல் போகும் பெண்களை நாங்கள் அறிவோம். தொடக்கநிலை மாற்றத்துக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. வராமல் போவதில்தான் ஆபத்து இருக்கிறது.

உடலுறவுக்குப்பின் இரத்தம் படுதல், மாதவிடாய் நின்றபின் மீண்டும் இரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால் பரிசோதனை முகாமுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் வாருங்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் உரிய வயதில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள அனைவரின் மருத்துவச் சீட்டுகளையும் பத்திரப்படுத்தும் பெண், தனக்கென ஒரு நாளை ஒதுக்குவது அரிது. உங்கள் வீட்டில் 30 வயதைக் கடந்த மனைவியோ தாயோ சகோதரியோ இருந்தால், கடைசியாக எப்போது இப்பரிசோதனை செய்துகொண்டார் என்று கேளுங்கள். "செய்ததில்லை" என்றால், அவரை அழைத்து வரும் நாளை இன்றே குறித்துவிடுங்கள்.