சூழல்வழிச் சொற்பொருள் உணர்தலும் அதன் எல்லையும்: ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தை முன்வைத்து

புதினம் பயிலும் பள்ளி மாணவர் அருஞ்சொற்களின் பொருளைக் கதைச்சூழலைக் கொண்டே உணர்ந்துகொள்வர் என்பது மொழிப்பாடம் கற்பிப்போரிடையே பரவலாக நிலவும் கருத்து. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ இக்கருத்தின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது.

‘நிலவறை’, ‘மரக்கலம்’ ஆகிய சொற்களைப் பிரித்து நோக்கினாலே பொருள் புலனாகும். ‘வேளக்காரர்’ என்பதில் சொல்லுறுப்புகள் எளிதில் உதவுவதில்லை. எனினும் மன்னரைத் தம் உயிர்கொடுத்துக் காக்கச் சூளுரைத்த வீரர் என்பதைக் கதைப்போக்கே உணர்த்திவிடுகிறது.

‘பள்ளிப்படை’ இவற்றினின்று வேறுபட்டது. இன்றைய வழக்கில் பள்ளி என்பது கல்விக்கூடம். படை என்பது சேனை. திருப்புறம்பயம் பெரும்போர் நிகழ்ந்த களமாதலின், இஃது ஒரு படைப்பிரிவின் பெயர் என்னும் பிழைபட்ட ஊகத்தைச் சூழலே வலுப்படுத்துகிறது. உண்மையில் அச்சொல், அப்போரில் மாண்ட கங்க மன்னன் பிருதிவீபதியின் நினைவாக எழுப்பப்பட்ட கோயிலைச் சுட்டுகிறது. பள்ளியறை, பள்ளிகொள்ளுதல் ஆகிய வழக்குகளை நினைவூட்டினால் பள்ளி என்பதன் ‘துயிலிடம்’ என்னும் பொருள் துலங்கும். கதைச்சுவை வாசிப்பை முன்னோக்கி ஈர்த்துச் செல்வதால், இத்தகைய பிழை திருத்தப்படாமலே மாணவர் மனத்தில் நிலைத்துவிடக்கூடும்.

ஆகவே, பொருளை ஊகித்தல், ஊகத்தை அகராதியோடு ஒப்பிடுதல், அச்சொல்லின் உறுப்பு பயிலும் பிற வழக்குகளைத் தொகுத்தல் ஆகிய மூன்று படிகளும் வகுப்பறையில் இடம்பெறுதல் வேண்டும். அறியாத சொல்லைக் காட்டிலும், அறிந்ததுபோல் தோன்றும் சொல்லுக்கே ஆசிரியரின் விளக்கம் மிகுதியும் தேவைப்படுகிறது.