செவ்வாய்க்கிழமைக்காரர்

‘செவ்வாயோ வெறுவாயோ’ என்பது நம்மூர்ப் பேச்சு. பெண் பார்க்கப் போவதானாலும் கடை திறப்பதானாலும் அன்றைக்கு வேண்டாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். உவரியிலும் புளியம்பட்டியிலும் கதையே வேறு. அந்தோணியார் கோயிலில் அன்றுதான் கூட்டம் நெரியும். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளைகள், கை நிறைய மெழுகுவர்த்திகள், நெற்றித் திருநீறு கலையாமலே வரிசையில் நிற்பவர்கள்... ‘கோடி அற்புதர்’ யாரிடமும் சாதி, மதம் கேட்பதில்லை.

அது ஏன் செவ்வாய்? வரிசையில் நிற்பவரைக் கேட்டால், “அது அவர் நாள்” என்று பதில் வரும். அந்தோணியார் பிறந்த கிழமை யாருக்கும் தெரியாது. இறந்தது வெள்ளிக்கிழமை. செவ்வாய் அவருக்கு வந்து சேர்ந்தது ஒரு பிணச் சண்டையில்.

அதற்குமுன், சென்ற வாரம் விட்ட இடம். மொராக்கோவில் மறைச்சாட்சியாகச் சாக வேண்டும் என்று லிஸ்பன்காரரான பெர்னாந்து, அந்தோணி என்ற புதுப் பெயரோடு கப்பலேறினார். போன இடத்தில் காய்ச்சலில் படுத்தார். ஊர் திரும்பலாம் என்று ஏறிய கப்பலைக் காற்று சிசிலிக் கரைக்குத் தள்ளியது. 1221இல் அசிசியில் கூடிய பிரான்சிஸ்கன் சபையின் பெருங்கூட்டத்தில் மூலையில் நின்ற அந்த முகம் தெரியாத போர்ச்சுக்கல்காரரை, போர்லிக்கு அருகில் மோந்தே பாவலோ என்ற மலைமடத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பாத்திரம் கழுவினார், தரை கூட்டினார். கோயிம்பிராவில் ஆண்டுக்கணக்கில் இறையியல் படித்தவர் என்பதை அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

1222இல் போர்லி நகரில் குருப்பட்ட விழா. வந்திருந்த தோமினிக்கன் துறவிகள் பிரசங்கம் செய்வார்கள் என்று பிரான்சிஸ்கன்கள் சும்மா இருந்துவிட்டார்கள். அவர்களோ, நடத்துகிற வீட்டார் பேசுவார்கள் என்று வந்திருக்கிறார்கள். கடைசியில் மடத்துத் தலைவர், பாத்திரம் கழுவுகிறவரைக் கைகாட்டினார். மெல்லத் தொடங்கிய பேச்சு போகப் போக வேதாகமம் முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்தது. அன்றோடு சமையற்கட்டு வாழ்க்கை முடிந்தது.

அடுத்த ஒன்பது ஆண்டுகளும் ஊர் ஊராக அலைச்சல். தம் சகோதரர்களுக்கு இறையியல் கற்பிக்க அசிசி பிரான்சிஸே கடிதம் எழுதி அனுமதி கொடுத்தார். படிப்பு வந்தால் பணிவு போய்விடும் என்று அஞ்சியவர் அவர். எனவே இது சின்ன விஷயமில்லை. தென் பிரான்சு, ரிமினி, பொலோஞா, 1227 முதல் வட இத்தாலியின் மாநிலத் தலைவர் பொறுப்பு... இதையெல்லாம் இங்கே விரித்தால் பதுவைக்குப் போய்ச் சேர முடியாது.

1231ஆம் ஆண்டின் தவக்காலம் பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. பதுவையில் அந்தோணியார் தினமும் பிரசங்கம் செய்தார். கோயில்கள் கொள்ளவில்லை, கூட்டத்தைத் திறந்தவெளிக்கு மாற்றினார்கள். விடியுமுன்பே ஆட்கள் வந்து இடம் பிடித்தார்கள். வணிகர்கள் கடையைச் சாத்திவிட்டு வந்தார்கள். அவர் இறந்த மறு ஆண்டே எழுதப்பட்ட முதல் வாழ்க்கை வரலாறு, கூட்டம் 30,000 என்கிறது. இடைக்கால எழுத்தாளர்கள் தலை எண்ணும் விதத்தை நாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அங்கியில் ஒரு துண்டாவது வெட்டியெடுக்கக் கத்தரிக்கோலோடு வந்தவர்களிடமிருந்து அவரைக் காக்க வாலிபர்கள் சுற்றி நிற்க வேண்டியிருந்தது என்றும் அதே நூல் சொல்கிறது. அதைப் படித்தால் எண்ணிக்கை சற்றுக் கூடியிருந்தாலும் போகட்டும் என்று தோன்றுகிறது.

பதுவை பணம் புழங்கிய ஊர். 1222இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் சந்தையும், அவற்றை ஒட்டி வட்டிக்கடைகளும் இருந்தன. கடன் வாங்கியவன் கட்டவில்லை என்றால் சிறை. அவனுக்கு ஜாமீன் நின்றவனுக்கும் அதே கதி. உள்ளே கிடப்பவன் எப்படிச் சம்பாதித்துக் கடனை அடைப்பான் என்று கேட்பாரில்லை. வட்டிக்காரர்களை அந்தோணியார் மேடையில் வறுத்தெடுத்தார். அதோடு விடாமல் நகராட்சியின் கதவையும் தட்டினார்.

1231 மார்ச் மாதம் நகரம் புதுச் சட்டம் போட்டது. கடனாளி தன் சொத்தை ஒப்படைத்துவிட்டால், கடனுக்காக அவனைச் சிறையில் அடைக்கக் கூடாது. ஜாமீன்தாரருக்கும் இது பொருந்தும். இன்றைக்கு நாம் ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்’ என்று கிசுகிசுக்கிறோமே, ஏறக்குறைய அந்த ஏற்பாடு. சகோதரர் அந்தோணியின் வேண்டுகோளின்படி இது செய்யப்பட்டது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். சாவிக்கொத்தைத் தொலைத்தவர்கள் அவரைத் தேடுகிற அளவுக்குக் கடனில் முங்கியவர்கள் தேடுகிறார்களா? ஏட்டில் பதிந்த சாட்சி இருப்பது இவர்கள் பக்கம்தான். தொலைந்த பொருளை அவர் மீட்டுத் தருவார் என்ற நம்பிக்கை, புதுமுகத் துறவி ஒருவன் அவருடைய சங்கீதப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடித் திருப்பித் தந்ததாக வழங்கும் கதையிலிருந்து வளர்ந்தது.

வட்டிக்காரர்களை மக்கள் மறக்கவில்லை. செத்துப்போன கஞ்சன் ஒருவனின் நெஞ்சைப் பிளந்து பார்த்தால் இருதயத்தைக் காணோம், அது அவன் பணப்பெட்டிக்குள் கிடந்தது என்றொரு அற்புதக் கதை பரவியது. 15ஆம் நூற்றாண்டில் தொனத்தெல்லோ அதை வெண்கலத்தில் வடித்தார். பதுவைப் பேராலயத்தின் பீடத்தில் இன்றும் பார்க்கலாம்.

எல்லாக் கதவும் திறக்கவில்லை. எத்சலீனோ தா ரொமானோ என்ற கொடுங்கோலன் பிடித்துவைத்திருந்த பிரபு ஒருவரையும் அவருடைய ஆட்களையும் விடுவிக்கச் சொல்லி வெரோனாவரை போனார். கிடைத்தது வெறுங்கை. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. ஓய்வுக்காகக் கம்போசம்பியேரோ சென்று, பெரிய அக்ரூட் மரமொன்றின் கிளைகளுக்கிடையே கட்டித்தரச் சொன்ன பரணில் தங்கினார். ஜூன் 13 அன்று உணவு மேசையில் சரிந்தார். பதுவைக்கே கொண்டுபோகச் சொன்னார். மாட்டுவண்டி நகரத்தின் வாசலை நெருங்கும்போதே நிலை மோசமானது. ஊருக்கு வெளியே அர்ச்செல்லாவில், கிளாரா சபைக் கன்னியர் மடத்தை அடுத்த சிறிய இல்லத்தில் இறக்கினார்கள். அங்கேயே உயிர் போயிற்று. வயது 40கூட ஆகவில்லை.

துறவிகள் செய்தியை மறைக்கப் பார்த்தார்கள். ஆனால் ‘புனிதர் செத்துப்போனார்’ என்று கத்திக்கொண்டு சிறுவர்கள் தெருத்தெருவாக ஓடினார்கள். உடல் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள் கன்னியர்கள். பாலத்தடிப் பகுதி மக்கள் ஆயுதத்தோடு காவலுக்கு வந்துவிட்டார்கள். தம் மரியன்னை ஆலயத்திலேயே அடக்கம் செய்ய வேண்டும், அதுவே அவருடைய விருப்பம் என்றார்கள் நகரத்துத் துறவிகள். ஜூன் மாத வெயில். உடலைத் தற்காலிகமாக மண்ணில் புதைத்துவைத்தார்கள். ஆயர் துறவிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஆற்றைக் கடக்கப் படகுகளைச் சேர்த்துப் பாலம் போட்டது நகர நிர்வாகம். எதிர்த்தரப்பு அதை உடைத்துப் போட்டது.

ஐந்தாம் நாள்தான் சண்டை ஓய்ந்தது. ஆயரும் நகரத் தலைவரும் முன்னே நடக்க, உடல் பவனியாக மரியன்னை ஆலயம் வந்து சேர்ந்தது. நோயாளிகள் குணமானதாக அன்றே பேச்சு எழுந்தது. அது ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. பொலோஞாவில் 17ஆம் நூற்றாண்டில் செவ்வாய் நவநாள் பிரபலமாகி, பிரான்சிஸ்கன்களோடு கடல்கள் தாண்டிப் பரவியது.

அடுத்த ஆண்டு மே 30 அன்று, ஓராண்டுகூட நிறையாத நிலையில், திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவருக்குப் புனிதர் பட்டம் தந்தார். 1263இல் புதிய பேராலயத்துக்கு மாற்றப் பெட்டியைத் திறந்தபோது உடல் மக்கிப்போயிருந்தது. நாக்கு மட்டும் அழியாமல் இருந்ததாகச் சொல்லி, சபைத் தலைவர் பொனவெந்தூர் அதைத் தனியே எடுத்துவைக்கச் செய்தார். அந்த நாக்கும் தாடை எலும்பும் தனித்தனிப் பேழைகளில் வைக்கப்பட்டன.

1991 அக்டோபர் 10 அன்று ஆயுதம் ஏந்திய ஆட்கள் பேராலயத்துக்குள் புகுந்தார்கள். அனுப்பியவர் அந்த வட்டாரத்துக் கொள்ளைக்கூட்டத் தலைவர் பெலிச்சே மனியேரோ. சிறையிலிருந்த தன் உறவினரை வெளியே எடுக்க அரசாங்கத்தோடு பேரம் பேச அவருக்கு ஒரு பிணைப்பொருள் தேவைப்பட்டது. நாக்கைக் கொண்டுவரச் சொன்னாராம். ஆட்கள் அவசரத்தில் தாடையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். டிசம்பரில் ரோம் விமான நிலையத்துக்கு அருகே தாடை கிடைத்தது. நாக்கு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

(தொடரும்)