சாக்கடைக்குப் போகும் முன் பிடியுங்கள்

2017 செப்டம்பரில், லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் பாதாளச் சாக்கடையை அடைத்துக்கொண்டு ஒரு கொழுப்புப் பாறை கிடந்தது. நீளம் 250 மீட்டர். எடை 130 டன். அதை உடைத்து அகற்றத் தொழிலாளர்கள் பல வாரம் பாடுபட வேண்டியிருந்தது.

சமையலறையில் ஊற்றிய எண்ணெய் பாறையாவது எப்படி? மூன்று கொழுப்பு அமிலங்கள் கிளிசரினோடு பிணைந்ததுதான் எண்ணெய் மூலக்கூறு. காயும் எண்ணெயில் வடையைப் போட்டால், மாவின் ஈரம் அந்தப் பிணைப்பை அறுக்கிறது, அமிலங்கள் விடுபடுகின்றன. சாக்கடை நுண்ணுயிர்களும் இதையே செய்கின்றன. விடுபட்ட அமிலம் கழிவுநீரிலும் கான்கிரீட்டிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத சோப்பாக இறுகுகிறது.

இதைத் தடுக்கத்தான் உணவகங்களில் 'கிரீஸ் டிராப்' என்னும் தொட்டியை வைக்கிறார்கள். பாத்திரம் கழுவிய நீர் அதில் வேகம் குறைந்து ஆறுகிறது. எடை குறைந்த கொழுப்பு மேலே மிதக்கிறது. பருக்கைகள் அடியில் தங்குகின்றன. இடைப்பட்ட நீர் மட்டும் வெளியேறுகிறது. தொட்டியை அவ்வப்போது வழித்து எடுக்காவிட்டால் கொழுப்பும் நீரோடு போய்விடும்.

வழித்தெடுத்த பிசுக்கில் நீரும் அழுக்கும் அதிகம். அதைச் சாண எரிவாயுக் கலன் போன்ற காற்றில்லாக் கலன்களில் நொதிக்கவைத்து எரிவாயு பெறலாம். பொரித்து மிஞ்சிய எண்ணெய்க்கோ மதிப்பு கூடுதல். அதை வடிகட்டி, காரம் கலந்த மெத்தனாலோடு வினைபுரியவைத்தால் பயோடீசலும் கிளிசரினும் கிடைக்கின்றன. அமிலம் மிகுந்த எண்ணெயாக இருந்தால் இங்கேயும் சோப்பு உருவாகி வேலையைக் கெடுக்கும். எனவே, பலமுறை காய்ச்சிக் கறுத்த எண்ணெயை முதலில் அமில வினையூக்கியால் பக்குவப்படுத்துகிறார்கள்.

திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் பெருகுகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் 'ரூகோ' திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது.

கழித்த எண்ணெயைச் சிறு கடைகளுக்கு மலிவாக விற்றால் அது ஏழையின் தட்டுக்குத்தான் வரும். வடிகாலில் ஊற்றினால், அடைப்பெடுக்கும் தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து. தனிக் கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்தால் இரண்டையும் தவிர்க்கலாம்; கைக்குக் காசும் வரும்.