நீரியல் விரிசல்

நீரியல் விரிசல் என்பது நீர், மணல், வேதிப்பொருட்கள் ஆகியவற்றின் கலவையை ஆழ்துளைக் கிணற்றினுள் உயர் அழுத்தத்தில் செலுத்தி, பாறையைப் பிளந்து இயற்கை எரிவளியை வெளிக்கொணரும் முறையாகும். இதற்குப் பெருமளவு நீர் தேவைப்படும். திரும்பி வரும் கழிவுநீர் முறையாகக் கையாளப்படாவிடின் நிலத்தடி நீரும் விளைநிலமும் மாசடையக்கூடும்.

தமிழ்நாட்டில் எதிர்ப்பு

மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010 இல் ஒப்பந்தம் செய்யப்பட்டது. இவ்வகை மீத்தேனை எடுக்க முதலில் நிலத்தடி நீரை வெளியேற்ற வேண்டும். பாறையின் தன்மைக்கேற்ப நீரியல் விரிசலும் பயன்படுத்தப்படும். பாசன நீரும் மண்ணும் கெடும் என அஞ்சிய காவிரிப் படுகை உழவர்கள் இதனை எதிர்த்தனர். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகப் பரப்புரை செய்தார். மாநில அரசு 2013 இல் வல்லுநர் குழு அமைத்து ஆராய்ந்து, 2015 இல் திட்டத்தை நிராகரித்தது.

சட்ட ஒழுங்குமுறை

2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, எண்ணெய், எரிவளித் தேடல் பணிகளுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பைக் கட்டாயமாக்கியிருந்தது. 2020 சனவரியில் நடுவண் அரசு தேடல் பணிகளை மட்டும் பி2 பிரிவுக்கு மாற்றியதால் அக்கட்டாயம் நீங்கியது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தை இயற்றி, காவிரிப் படுகையில் மீத்தேன், களிப்பாறை எரிவளி உள்ளிட்ட புதிய திட்டங்களைத் தடை செய்தது. எனினும், முன்னரே இயங்கிவந்த கிணறுகளுக்கு இத்தடை பொருந்தாது.