பிரம்பும் பரிவும்

"அடியாத மாடு படியாது" என்பது நம் ஊர்ப் பழமொழி. மாட்டுக்குச் சொன்னதைப் பிள்ளைக்கும் சேர்த்தே சொல்லிவிட்டோம். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சென்ற மாதம் இரு சிறுவர்கள் சண்டையிட்டு ஒரு நாற்காலியை உடைத்தார்கள். "ஒரு பிரம்பு வாங்கி வைத்தால் என்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பலர் தலையசைத்தனர். நானும் பேசாமல் இருந்தேன். அன்று பேசாததை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது திருநெல்வேலிப் பக்கத்தில் கன்னியர் நடத்திய ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி. அந்தப் பள்ளியின் ஒழுங்கு ஊரறிந்தது. மணி அடித்தால் பேச்சு நிற்கும். வரிசை கோணாது. வெட்டாத நகத்தோடு யாரும் உள்ளே போக முடியாது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடக்கும் வேளையில் எங்களைப் போன்றவர்களுக்கு நீதிபோதனை நடக்கும். அங்கே கற்ற காலந்தவறாமை இன்றும் எனக்குத் துணை. அதை மறுத்தால் நன்றி கொன்றவன் ஆவேன்.

ஆனால் இன்னொன்றையும் அங்கேதான் கற்றேன். நான்காம் வகுப்பில் ஒரு நாள், இடைவேளையில் மேசைமேல் இருந்த உலக உருண்டையை வேகமாகச் சுழற்றினேன். அது கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. "யார் செய்தது?" என்று ஆசிரியை கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. முதல் நாள் அதைத் தொட்டு விளையாடிய என் நண்பன்மேல் பழி விழுந்தது. உள்ளங்கையில் இரண்டு அடி. கடைசி மணி வரை முழங்காலில் நிற்க வேண்டும். அவன் என்னை ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு என் தோழர் சிலர் புதுநன்மைக்குத் தயாராகி வந்தனர். அதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். செய்த தவற்றை மறைக்காமல் சொன்னால் மன்னிப்பு உண்டு என்று சிஸ்டர் கற்பித்ததை எனக்கும் வந்து சொன்னார்கள். நான் வியந்தேன். கோயிலில் உண்மை சொன்னால் மன்னிப்பு. வகுப்பில் உண்மை சொன்னால் பிரம்பு! ஒரே வளாகத்தில் இரண்டு நீதியா?

இந்தக் கேள்வி புதியதன்று. கத்தோலிக்கக் கல்வியாளர்களே இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பிரான்சு நாட்டில் 1679-இல் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிப் பணியில் இறங்கியவர் ஜான் பாப்டிஸ்ட் தெலசால். அக்காலத்தில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையாக அருகே அழைத்துப் பாடம் சொல்வார். மற்றவர்கள் சும்மா இருப்பார்கள். சும்மா இருக்கும் கை குறும்பு செய்யாமல் என்ன செய்யும்? பிள்ளைகளை வகுப்புகளாகப் பிரித்து, அனைவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே நூலைத் தாய்மொழியில் கற்பிக்கும் முறையை அவர் பரப்பினார். ஒழுங்கின் பாதி அதிலேயே வந்துவிட்டது. அவர் மறைந்த மறு ஆண்டு, 1720-இல், அச்சான பள்ளி நடைமுறை நூல் பிரம்பை முற்றிலும் விலக்கவில்லை. ஆனால் சினத்தோடு அடிக்கலாகாது என்று கட்டுப்படுத்தியது. பிள்ளை பள்ளிக்கு வராமல் நிற்பதற்கு ஆசிரியரின் குறையும் ஒரு காரணம் ஆகலாம் என்று ஒப்புக்கொண்டது.

இதைவிட ஒரு படி மேலே சென்றவர் இத்தாலியின் தொன் போஸ்கோ. 1841-இல் குருவான இவர், தூரின் நகரச் சிறைகளில் இளஞ்சிறுவர்களைக் கண்டு மனம் நொந்தார். தண்டித்த பிறகு திருத்துவதைவிடத் தவறாமல் காப்பதே மேல் என்பது அவர் கண்ட வழி. 1877-இல் எழுதிய சிறு கட்டுரையில் இரண்டு முறைகளை அவர் ஒப்பிடுகிறார். ஒன்றில், சட்டத்தைச் சொல்லிவிட்டு, மீறுபவனைப் பிடிக்க மேலாளர் காத்திருப்பார். மற்றதில், சட்டத்தைச் சொல்லிவிட்டு, ஆசிரியர் தந்தையைப் போலப் பிள்ளைகளின் நடுவிலேயே இருப்பார். அறிவு, சமயம், பரிவு என்னும் மூன்றுமே அதன் அடித்தளம். அடிக்கு அங்கே இடமில்லை. 1884-இல் உரோமிலிருந்து எழுதிய மடலில், பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்று அவர்கள் உணரவும் வேண்டும் என்று வற்புறுத்தினார். அவருடைய சபையார் 1906-இல் தஞ்சாவூருக்கே வந்துவிட்டனர்.

வழி தெரிந்தும் பிரம்பு ஏன் நெடுநாள் நின்றது? பரிவுக்கு நேரம் வேண்டும், ஆள் வேண்டும். எங்கள் ஆசிரியைக்கு ஒரே அறையில் 50 பிள்ளைகள். பிரம்பு குறுக்குவழி. அவர் கொடியவர் அல்லர், களைத்தவர்.

சட்டமும் மெல்லத்தான் விழித்தது. நாம் வாழும் இந்தத் தில்லியில் மாணவரை அடிக்க இடந்தந்த பள்ளி விதியை உயர் நீதிமன்றம் 2000-இல் நீக்கியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையோடு மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்தது. அச்சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. ஆசிரியரின் மனமும் மாற வேண்டும்.

அச்சம் எதைக் கற்பிக்கிறது? சென்ற ஆண்டு நம் ஆய்வகத்தில் என் கை தவறி ஒரு வெப்பமானி உடைந்தது. பாதரசம் மேசையில் முத்து முத்தாக உருண்டது. அதன் ஆவி நச்சு என்பது எனக்குத் தெரியும். ஆயினும் என் முதல் எண்ணம் அதைப் பற்றியதன்று, "யாராவது பார்த்தார்களா?" என்பதே! ஒன்பது வயதில் கற்ற பாடம் அது. கால் மணி நேரம் கழித்தே பேராசிரியரிடம் சொன்னேன். அவர் "யார்?" என்று கேட்கவில்லை. "சன்னல்களைத் திற, எங்கெல்லாம் சிந்தியது?" என்றார். அந்தக் கால் மணி நேரம் பக்கத்து மேசையில் இருவர் அந்தக் காற்றையே சுவாசித்துக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு சுடுகிறது.

நண்பர்களே, தவற்றை மறைக்காமல் சொல்லும் துணிவு இல்லாதவன் அறிவியலில் ஓர் அளவீட்டைக்கூட நேர்மையாக எழுத முடியாது. அந்தத் துணிவை அடித்து வளர்க்க முடியாது. நம் வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு ஒருவர்தாம் நிற்கிறோம். இனி மூவர் நிற்போம். இடைவேளையில் நாம் ஒதுங்கித் தேநீர் அருந்தாமல் அவர்களோடு விளையாடுவோம். எது உடைந்தாலும் முதலில் "என்ன நடந்தது?" என்று கேட்போம். உண்மை சொன்ன பிள்ளையைப் பலர் முன் நாணச் செய்யாமல், உடைந்ததைச் சேர்ந்து ஒட்டுவோம்.

அந்த நாற்காலியின் கால் இன்னும் ஆடுகிறது. வரும் ஞாயிறு ஆணியும் சுத்தியும் நான் கொண்டு வருகிறேன். அந்த இரு சிறுவர்களும் உடன் இருக்கட்டும். பிரம்பு வேண்டாம்.