கர்ப்பத்தை ரத்தம் எப்படி முன்கூட்டியே சொல்கிறது?

கருவுற்ற முட்டை கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டதும், பின்னாளில் நஞ்சுக்கொடியாகும் செல்கள் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கருமுட்டை வெளியான 6 முதல் 12 நாட்களுக்குள் இது தொடங்குகிறது. ஹார்மோன் முதலில் தாயின் ரத்தத்தில் கலந்து, பிறகே சிறுநீருக்கு வருகிறது. வீட்டில் சிறுநீரைச் சோதிக்கும் கிட்டுகள் பலவற்றுக்கு ஒரு மில்லி லிட்டரில் சுமார் 25 மில்லி யூனிட் தேவை. ரத்தப் பரிசோதனை 5 அளவிலேயே கண்டுபிடித்துவிடும்.

இந்த ரத்தப் பரிசோதனையை ஏன் 'பீட்டா' பரிசோதனை என்கிறார்கள்? இந்த ஹார்மோன் ஆல்பா, பீட்டா என்ற இரு புரதப் பகுதிகளால் ஆனது. ஆல்பா பகுதி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் உள்ளிட்ட வேறு மூன்று ஹார்மோன்களிலும் உண்டு. பீட்டாதான் இதன் தனி அடையாளம். அதைப் பிரித்தறியும் முறையை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜூடித் வைட்டுகைட்டிஸ், கிளென் பிரான்ஸ்டைன், கிரிஃப் ராஸ் ஆகியோர் உருவாக்கி 1972இல் வெளியிட்டார்கள்.

மருத்துவர் 48 மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுக்கச் சொல்வது ஏன்? ஒரே ஒரு அளவு முழுக் கதையையும் சொல்லாது. தொடக்க வாரங்களில் இந்த ஹார்மோன் பெரும்பாலும் 2, 3 நாட்களில் இரட்டிப்பாகும். மெதுவாக ஏறினால் கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். இறங்கினால் கரு கலைந்துகொண்டிருக்கலாம். ஸ்கேனும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்வார்கள். சுமார் 8 முதல் 11 வாரங்களில் உச்சம் தொட்டபின் அளவு குறைவது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டாம்.

ஆனால் கடும் வயிற்றுவலி, மயக்கம், ரத்தப்போக்கு இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.